பழைய லாரியும் புதிய பெட்டியும்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. சங்கத்தின் மாதாந்தரக் கூட்டம் முடிந்து, மழை சற்று ஓயட்டும் என்று வாயிற்படியில் நின்றுகொண்டிருந்தோம். பொங்கல் விழாவுக்கு ஆண்டு தவறாமல் கரும்பும் வாழையும் தம் வண்டியிலேயே ஏற்றி வந்து கொடுக்கும் அன்பர் ஒருவர், அன்று கடைசி வரிசையில் அமர்ந்திருந்து, யாரிடமும் ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து வந்தார். எப்போதும் கூட்டத்தைக் கலகலப்பாக்கும் அவருடைய முகம் வாடியிருக்கக் கண்டு, "என்ன அண்ணா, உடம்புக்கு ஏதாவதா?" என்று வினவினோம்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல தம்பி. வண்டிதான் படுத்துக்கிச்சு. இன்னையோட ஒம்பது நாளாச்சு" என்றார்.

அன்பர் நாமக்கல் பக்கத்தவர். லாரித் தொழிலுக்கு அவ்வூர் எவ்வளவு பேர்போனது என்பதை நேயர்களுக்கு நாம் எடுத்துக் கூற வேண்டியதில்லை. பதினெட்டாம் வயதில் கிளீனராகப் புறப்பட்டு, டிரைவராகிப் பல்லாண்டுகள் பிறர் வண்டியை ஓட்டி, நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு வண்டி எடுத்தார். 2013ஆம் ஆண்டு மாதிரி; பத்துச் சக்கர லாரி; முன்பே ஒருவரிடம் ஓடிய வண்டி. நாம் குமாஸ்தாவாக அலுவல் பார்க்கும் கலம்போலிச் சரக்குக் கொட்டடியில் ரயிலிலிருந்து இறங்கும் இரும்புத் தகடுகளை ஏற்றிக்கொண்டு, புணே, கோலாப்பூர், பெல்காம் வழியாகப் பெங்களூர் செல்வது அவருடைய வாடிக்கை. மாதந்தோறும் தவணை கட்ட வேண்டும். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. டயர் மாற்றுவதற்காக மனைவியாரின் சங்கிலி ஏற்கெனவே அடகுக் கடைக்குப் போயிருந்தது. ஓடும் லாரி குடும்பத்துக்குச் சோறு போடும். ஓடாத லாரியோ குடும்பத்தின் சோற்றைத் தானே உண்ணும். ஒன்பது நாள் என்று அவர் சொன்னபோது அதன் பொருள் நமக்கு நன்றாகவே விளங்கியது.

அவர் பட்ட பாட்டையும், முடிவில் அது தீர்ந்த விதத்தையும் ஈண்டு எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் சங்கத்தாரில் லாரி, வேன், சிறு சரக்கு வண்டி வைத்துப் பிழைப்போர் பலர். இக்காலத்து வண்டிகளில் பலவற்றுள் 'பாடி கன்ட்ரோல் மாட்யூல்', சுருக்கமாக 'பி.சி.எம்.' என்னும் பெட்டி ஒன்று உள்ளது. வண்டி பழையதாக ஆக, அப்பெட்டியின் பேரால் பெருஞ்செலவு வந்து சேர்கிறது. அச்செலவு எப்போது தேவை, எப்போது வீண் என்பதை அறிந்துகொள்வது நம்மவர்க்கு மிகவும் பயன்படும்.

பெட்டி செய்யும் வேலை

முற்காலத்து லாரியில் முன்விளக்கு எரிய வேண்டுமானால், பாட்டரியிலிருந்து பருத்த ஒயர் ஒன்று சுவிட்சுக்கு வரும்; அங்கிருந்து விளக்குக்குப் போகும். இடையே ஒரு பியூஸ், சிலவற்றில் ஒரு ரிலே. குறை எதுவாயினும் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் கண்டுபிடித்துவிடலாம்.

இப்போதைய வண்டியில் சுவிட்ச் வெறும் செய்தி சொல்லும் கருவியாகிவிட்டது. டிரைவர் இண்டிகேட்டர் கோலை அசைத்தால், 'இடப்பக்கம் திரும்புகிறார்' என்ற செய்தி மட்டும் பி.சி.எம். பெட்டிக்குப் போய்ச் சேரும். விளக்குக்கு மின்சாரம் விடுவது பெட்டியின் வேலை. விளக்குகள், இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், கதவுப் பூட்டு முதலான கேபின் சாமான்கள் பெரும்பாலும் அதன் ஆளுகைக்குள் அடங்கும். சில வண்டிகளில், சாவி இவ்வண்டிக்கு உரியதுதானா என்று பார்த்துச் செல்ஃப் மோட்டாருக்கு இசைவு தருவதும் இப்பெட்டியே.

எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் தனித்தனிப் பெட்டிகள் உண்டு. இவை யாவும் தம்முள் முறுக்கிய இரண்டே ஒயர்களின் வழியாகப் பேசிக்கொள்கின்றன. 'கேன்' எனப்படும் இம்முறையை ஜெர்மனி நாட்டு பாஷ் நிறுவனத்தார் உருவாக்கி, 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள டெட்ராய்ட் நகரில் வெளியிட்டனர். கட்டுக்கட்டாக ஓடிய ஒயர்களின் சுமை இதனால் வெகுவாகக் குறைந்தது.

நன்மை பெரிதுதான். எனினும் ஒரு தொல்லையும் கூடவே வந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு குறைகள் ஒரே நாளில் தோன்றினால், 'பெட்டி போய்விட்டது' என்று சொல்லிவிடுவது எளிதாகிவிட்டது.

நடந்தது என்ன?

புணேக்கும் சாதாராவுக்கும் இடையிலுள்ள கம்பாட்கி மலைப்பாதையில், கொட்டும் மழையில், அன்பருடைய வண்டியின் வைப்பர் நின்றுபோயிற்று. வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால் கேபினுக்குள்ளிருக்கும் விளக்கு சிமிட்டியது. கையால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, ஊர்ந்து ஊர்ந்து ஒருவாறு சுமையை இறக்கிவிட்டுத் திரும்பினார். அன்றிரவு சாவியை எடுத்த பின்னும் பார்க்கிங் விளக்குகள் அணையவில்லை. விடிந்து பார்த்தால் பாட்டரிகள் இரண்டும் வற்றிக் கிடந்தன.

முதலில் வந்த எலக்ட்ரீஷியன் கையடக்கக் கருவி ஒன்றை மாட்டி, அதில் தோன்றிய குறியீட்டைப் படித்து, "பி.சி.எம். காலி" என்று தீர்ப்புக் கூறிவிட்டார். புதிய பெட்டியின் விலையை விசாரித்தபோது அது இரண்டு மாதத் தவணையையும் விஞ்சியது. ஆகவே அன்பர் பழைய உதிரிபாகச் சந்தைக்குச் சென்று, வடிவமும் கப்ளர்களும் ஒத்திருந்த ஒரு பெட்டியைப் பேரம் பேசி வாங்கி வந்தார். மாட்டினார்கள். விளக்குகள் எரிந்தன, ஆனால் சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றவேயில்லை. முன்பு தள்ளியாவது கிளம்பிய வண்டி இப்போது அசையாப் பொருளாகிவிட்டது. பழைய பெட்டியையே திரும்ப மாட்டிக்கொண்டு, வாங்கியதைக் கடைக்கு எடுத்துச் சென்றால், "மின்சாமான் விற்றால் விற்றதுதான், திரும்ப எடுப்பதில்லை" என்று விடை கிடைத்தது.

இதற்கு விளக்கம் கூற நமது அலுவலகத்து உவமை ஒன்றே போதும். ஒரு ஸ்டேஷனிலிருந்து மற்றொரு ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வரும் குமாஸ்தா அதே நாற்காலியில் அமர்கிறார். அதே மேஜை, அதே பேனா. ஆனால் இங்கே மூன்றாம் எண் கிளைப்பாதை எங்கிருக்கிறது, எந்த வியாபாரிக்கு எந்த மேடை என்பது அவருக்குத் தெரியாது. சொல்லிக் கொடுத்தாலன்றிப் பழைய ஸ்டேஷன் கணக்கையே இங்கும் எழுதுவார். பழைய பெட்டியும் அவ்வாறே. தான் முன்பிருந்த வண்டியின் சேஸிஸ் எண், அதன் சாவி, அதில் இருந்த சாமான்கள் ஆகிய அனைத்தும் அதன் நினைவில் பதிந்திருக்கின்றன. புது வண்டிக்கு வந்ததும் அந்தச் சாவியையே தேடுகிறது. சில தயாரிப்புகளில் பழைய பெட்டியை அழித்து மறுபடி எழுத இயலும்; சிலவற்றில் இயலாது. இதை விசாரித்தறியாமல் பணம் கொடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குவதற்கு ஒப்பாகும்.

மிஸ்திரி செய்த சோதனை

மறுநாள் அலுவல் முடிந்ததும், நமது கொட்டடியில் கிரேன் வண்டிகளைப் பழுது பார்க்கும் முதிய மிஸ்திரி ஒருவரை அழைத்துச் சென்றோம். உத்தரப் பிரதேசத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். அவர் கையில் கணினி எதுவும் இல்லை. ஒரு மல்டிமீட்டரும், இரண்டு ஒயர் கட்டிய 21 வாட் பல்பு ஒன்றுமே இருந்தன.

பாட்டரிகளை முதலில் சார்ஜ் செய்யச் சொன்னார். லாரியில் 12 வோல்ட் பாட்டரிகள் இரண்டு தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. நிறைந்த நிலையில், எஞ்சின் ஓடாதபோது 25 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது 28 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். மின்னழுத்தம் தாழ்ந்தால் இத்தகைய பெட்டிகள் பிதற்றத் தொடங்கிவிடும்; அந்நிலையில் தோன்றும் குறியீடுகளை நம்பித் தீர்ப்புச் சொல்லலாகாது.

அடுத்து, பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, 'கேன்' ஒயர்கள் இரண்டுக்கும் இடையே மின்தடையை அளந்தார். இப்பாதையின் இரு கோடிகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று உண்டு. இரண்டும் சேர்ந்து 60 ஓம் காட்டினால் பாதை முழுமையாக இருக்கிறது. 120 காட்டினால் எங்கோ ஒருபுறம் அறுந்திருக்கிறது. சுழிக்கு அருகில் வந்தால் ஒயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நம் அன்பரின் வண்டியில் 60 காட்டிற்று. பேச்சுப் பாதையில் குறை இல்லை.

பின்னர் பெட்டியின் கப்ளரைக் கழற்றினார். உள்ளே பித்தளைக் கால்களில் பச்சை பூத்திருந்தது. பாட்டரியை மறுபடி இணைத்து, அக்கப்ளரில் மின்சாரம் வரும் துளைக்கும் எர்த் துளைக்கும் இடையே தம்முடைய பல்பைக் கொடுத்தார். அது மங்கலாகவே எரிந்தது. பாட்டரியில் 25 வோல்ட் இருக்க, பல்பின் முனைகளில் 22 வோல்ட்டே இருந்தது. மூன்று வோல்ட் எங்கே போயிற்று? மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த்திலும், மற்றொன்றைக் கப்ளரின் எர்த்திலும் வைத்தார். மூன்று வோல்ட்டும் அங்கே கிடைத்தது. நல்ல எர்த் என்றால் பல்பு எரிகையில் அவ்விடத்தில் 0.1 வோல்ட் அளவே காட்ட வேண்டும். பல்பின்றி வெறும் மீட்டரை மட்டும் வைத்திருந்தால் இக்குறை தெரிந்திராது. சுமை ஏற்றாத வரையில் துருப்பிடித்த இணைப்பும் நல்ல இணைப்பைப் போலவே நடிக்கும்.

எர்த் போல்ட் இடப்பக்கக் கால்மிதிக்குப் பின்னால் இருந்தது. துருவேறிப் பாதி கரைந்திருந்தது. முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் வெடித்து, மழைநீர் அதன் வழியே கசிந்து, ஒயர்க்கட்டைப் பிடித்துக்கொண்டு பெட்டி வரையில் இறங்கியிருந்தது. போல்ட்டை மாற்றி, தகட்டைச் சுரண்டிப் பளிச்சென்று ஆக்கி, கப்ளரைத் துலக்கி, பழைய பெட்டியையே மாட்டினார். வைப்பர் ஓடிற்று! இண்டிகேட்டர் போட்டால் இண்டிகேட்டரே எரிந்தது. நான்கு குறைகளில் இரண்டு, ஒரு போல்ட்டின் விலையில் தீர்ந்தன.

உண்மையாகவே கெட்டது எது?

எனினும் பார்க்கிங் விளக்குகள் மட்டும் அணையவில்லை. மிஸ்திரி அந்த ஒயரைத் தடவிக்கொண்டே போய், பம்பருக்குப் பின்னால் நின்றுவிட்டார். வண்டியின் முந்தைய சொந்தக்காரர் 70 வாட் விளக்குகள் நான்கைக் கூடுதலாக மாட்டி, அவற்றைப் பார்க்கிங் விளக்கின் ஒயரிலேயே முறுக்கி விட்டிருந்தார். 5 வாட் பல்புகள் பத்து எரிவதற்கு இரண்டு ஆம்பியர் போதும். இந்த நான்கு விளக்குகளுக்கோ ஏறத்தாழ பன்னிரண்டு ஆம்பியர் வேண்டும். பியூஸ் அடிக்கடி போயிருக்க வேண்டும். அதற்கு அவர் கண்ட மருந்து, பத்து ஆம்பியர் பியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் முப்பது ஆம்பியர் பியூஸைச் சொருகியது! பியூஸ் தப்பித்தது, பெட்டிக்குள்ளிருந்த மின்னணுச் சுவிட்ச் வெந்து, மின்சாரம் விட்டபடியே நிலைத்துவிட்டது.

ஆகப் பெட்டியிலும் குறை இருந்தது மெய். முதல் எலக்ட்ரீஷியன் கூறியது முற்றிலும் பொய்யன்று. ஆனால், கசிவையும் எர்த்தையும் கூடுதல் விளக்குகளையும் அப்படியே விட்டுவிட்டுப் புதிய பெட்டியை மாட்டியிருந்தால், அதுவும் அடுத்த மழைக்குள் இதே கதியை அடைந்திருக்கும். "பெட்டியைக் கொன்றவனைப் பிடிக்காமல் புதுப் பெட்டியைக் கொண்டுவந்து என்ன செய்வது?" என்று மிஸ்திரி ஹிந்தியில் கேட்டது நமது காதில் இன்னும் ஒலிக்கிறது.

மாற்றும் முறை

புதிய பெட்டிக்குப் பணம் வேண்டுமே! சங்க அன்பர்கள் அறுவர் கூடிக் கைமாற்றாகக் கொடுத்தனர். அன்பர் முதலில் மறுத்தார். மூன்று நடையில் திருப்பித் தருவதாகத் தாமே கணக்கு எழுதி நீட்டிய பின்னரே பெற்றுக்கொண்டார். இம்முறை சேஸிஸ் எண்ணையும், பழைய பெட்டியின் மேல் ஒட்டியிருந்த உதிரிபாக எண்ணையும் ஓர் எழுத்தும் விடாமல் எழுதிக் கொடுத்து ஆர்டர் செய்தோம். வடிவம் ஒன்றாயிருந்தாலும் எண்ணில் ஓர் எழுத்து மாறினால் வேறு மாதிரி வண்டிக்கு உரியதாகிவிடக்கூடும்.

பெட்டி வந்ததும், தயாரிப்பாளரின் கணினிக் கருவி வைத்திருக்கும் பணிமனையிலிருந்து ஆள் வந்தார். பழைய பெட்டியைக் கழற்றுமுன் அதில் பதிந்திருந்த அமைப்புகளை முதலில் படித்துச் சேமித்துக்கொண்டார். இது மிக முக்கியமானது. பழையது உயிரோடு இருக்கும்போதே எடுத்துவிட்டால் வேலை எளிது. முற்றிலும் செத்துவிட்டால் சேஸிஸ் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் ஏட்டிலிருந்து பெற வேண்டியிருக்கும். அதன்பின் சாவியை எடுத்து, பாட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்டியை மாற்றினார். எழுதத் தொடங்குமுன் பாட்டரிகளுக்குச் சார்ஜரை மாட்டிவைத்தார். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்னழுத்தம் சரிந்தால் புதிய பெட்டியும் பாதியில் நின்று பாழாகலாம். அமைப்புகளை ஏற்றி, சாவியைப் பழக்கி, பழைய குறியீடுகளை அழித்த பின்னர், ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்தோம். எல்லாம் செவ்வையாக இருந்தன. சாவியை எடுத்ததும் பார்க்கிங் விளக்குகள் அணைந்தன. அன்பர் ஒன்றும் பேசவில்லை. மழையில் நின்றபடியே அந்த அணைந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடுதல் விளக்குகளை அவர் அன்றே கழற்றிவிட்டார். வேண்டுமாயின், பாட்டரியிலிருந்து தனி ஒயர், தனி பியூஸ், தனி ரிலே வைத்து மாட்டிக்கொள்ளலாம் என்று மிஸ்திரி சொல்லியிருக்கிறார்.

நம்மவர்க்குச் சில சொற்கள்

வண்டி பதினெட்டு நாள் நின்றது. அவற்றுள் குறையைக் கண்டுபிடிக்கத் தேவைப்பட்டது ஒரே ஒரு மாலைப்பொழுது. ஆகையால் வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் பின்வருவனவற்றை நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

'பெட்டி போய்விட்டது' என்று எவரேனும் கூறினால், "பாட்டரி வோல்ட் எவ்வளவு? எர்த்தைச் சுமையேற்றிப் பார்த்தீர்களா? கப்ளரைக் கழற்றிப் பார்த்தீர்களா?" என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். விடை கிடைக்கும் வரையில் பணத்தை வெளியே எடுக்கவேண்டாம்.

எல்.இ.டி. பல்பு மாற்றியபின் இண்டிகேட்டர் படபடவென்று அடித்தால் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டாம். அப்பல்பு குறைந்த மின்சாரமே எடுப்பதால், பல்பு போய்விட்டது என்று பெட்டி எண்ணிக்கொள்கிறது.

சேஸிஸிலோ கேபினிலோ வெல்டிங் செய்யுமுன் பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். வெல்டிங் எர்த்தைப் பற்றவைக்கும் இடத்துக்கு மிக அருகிலேயே பிடியுங்கள். இல்லையேல் அம்மின்சாரம் பெட்டிகளின் வழியே பாயக்கூடும்.

பியூஸ் போனால் அதே அளவுள்ள பியூஸையே போடுங்கள். மறுபடியும் போனால் அது குறையைக் காட்டுகிறது என்று அறிந்து, காரணத்தைத் தேடுங்கள்.

பழைய பெட்டி வாங்கத்தான் வேண்டுமெனில், எண் ஒத்திருக்கிறதா, மறுபடி எழுத இயலுமா என்று பணிமனையில் கேட்டபின் வாங்குங்கள், ரசீதும் பெற்றுக்கொள்ளுங்கள்.

புரட்டாசிக் கூட்டத்துக்கு அன்பர் வந்திருந்தார். இம்முறை முதல் வரிசை. கைமாற்றின் கடைசிப் பகுதியை ஒரு பழைய உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அடகுக் கடையிலிருந்து சங்கிலி இன்னும் மீளவில்லை என்றும், தைக்குள் மீட்டுவிடலாம் என்றும் சொன்னார். வண்டியின் ஆர்.சி. முதலியவற்றை வைத்திருக்கும் பையிலிருந்து தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். சேஸிஸ் எண், பெட்டியின் எண், எர்த் போல்ட் இருக்கும் இடம், எந்தப் பியூஸ் எத்தனை ஆம்பியர் என்பனவெல்லாம் அவருடைய மகளின் அழகிய கையெழுத்தில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. அடியில் ஒரு வரி மட்டும் அவருடைய கோணல் கையெழுத்தில் இருந்தது: 'மழைக்கு முந்தி கண்ணாடி ரப்பர் பார்க்கவும்.'